வாசலுக்கு வருவது அப்பத்தாதான்

காரைக்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். 68 பிள்ளைகள், என்னையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். பள்ளிக்கு மேற்கே ஒரு பெரிய வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாரிசுகள் மலேசியாவிலும் சென்னையிலுமாக இருக்கிறார்கள். இரண்டாம் கட்டில் ஓடு பாதி சரிந்துவிட்டது. இப்படி ஒரு வீடாவது இல்லாத தெரு செட்டிநாட்டில் அபூர்வம். அந்த வீட்டு உத்திரத்தில் கதண்டு, அதாவது விஷக் குளவி, கூடு கட்டியிருந்தது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தோம் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரு புரட்டாசி வியாழக்கிழமை, பதினொரு மணி இருக்கும். உத்திரம் ஒன்று உடைந்து விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். கையை வீசி விரட்டாமல் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு உள்ளே ஓடிவரச் சொன்னோம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினோம். நான்கு பிள்ளைகளுக்குக் கடி. ஒரு பையனுக்கு உதடு வீங்கத் தொடங்கியதும் 108-ஐக் கூப்பிட்டோம். வண்டி சீக்கிரமே வந்தது. அதுவரைக்கும் எங்களிடம் பெரிய தப்பு எதுவும் இல்லை.

வண்டி திரும்பிப் போவதுதான் பாடாகிவிட்டது. வாசலில் அறுபது எழுபது பேர் திரண்டிருந்தார்கள். சிலர் அழுகிறார்கள், சிலர் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்குகிறார்கள், குறுக்கே இரண்டு டூவீலர் நிற்கிறது. நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. யாரோ எடுத்த ஒரு போட்டோ பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்திருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது நாங்கள் எழுதி வாங்குவது அப்பாவின் நம்பர். அப்பாக்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். அடுத்த தெருவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்குப் பள்ளியில் நடந்தது சிங்கப்பூர் போய்த்தான் திரும்பி வந்தது. அதற்குள் நான்கு பிள்ளைகளுக்குக் கடி என்பது, பள்ளிக்கூடமே இடிந்து விழுந்துவிட்டது என்று ஆகியிருந்தது.

யாரோ கதவைத் திறந்துவிட, பிள்ளைகள் அவரவர் ஆட்களைப் பார்த்து ஓடினார்கள். பிடித்து எண்ணிப் பார்த்தபோது கணக்கில் ஒன்று குறைந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி. முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது ஊரணியைத்தான். புரட்டாசியில் பாதித் தண்ணீர் கிடந்தது. உதவிக்கு வந்த இரண்டு இளைஞர்கள் சட்டையோடு படிக்கட்டில் இறங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் அப்பத்தா வாசல் திண்ணையில் உட்கார்ந்து என் கையை விடவே இல்லை. "எம்பேத்தியக் கண்ணுல காட்டு தாயி" என்று சத்தமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நல்ல எண்ணத்தில்தான் சித்தப்பா ஒருவர் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராகத் தன் வீட்டுக்குப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றுகிற மாதிரி நாங்களும் எதுவும் சொல்லி வைத்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளில் மூன்று பேர் சாயங்காலமே வந்துவிட்டார்கள். உதடு வீங்கிய பையனை மட்டும் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். கூட்டை அன்றைக்கு இரவே தீயணைப்புத் துறையினர் வந்து அழித்தார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று எங்களிடம் இருக்கத்தான் செய்தது. பீரோவில் ஒரு ஃபைல், தேதியும் முத்திரையும் போட்டு. நான் வேலைக்கு வந்த காலத்தில் கும்பகோணத்தின் அதிர்ச்சி இன்னும் ஆறாமல் இருந்தது. 2004 ஜூலை 16 அன்று சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பள்ளிக் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். பள்ளிகளில் தீயணைப்புக் கருவியும் பயிற்சியும் இருக்க வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கூரையையும் சுவரையும் பார்க்கிறோம். ஏதாவது நடந்தால் வாசலுக்கு ஓடிவரப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். இடம் இருந்தது. பேச்சுத்தான் இல்லை.

சரி, பேசலாம் என்று கூட்டம் போட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு. பதினொரு பேர் வந்தார்கள். மற்றவர்கள் நூறு நாள் வேலையில் இருந்தார்கள். அடுத்த வாரம் காலையில் நானே வேலை நடக்கிற கண்மாய்க் கரைக்குப் போனேன். மண்வெட்டியும் சட்டியுமாகப் பெண்கள் பேர் பதிய நின்றிருந்தார்கள். பள்ளியின் படத்தை ஒரு சார்ட்டில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். தீ, மழை, சுவர் எதுவானாலும் பிள்ளைகளை ஊரணிக்கரைப் புளியமரத்தடியில் கூட்டி வைப்போம், நீங்கள் அங்கே வாருங்கள் என்று விளக்கினேன்.

ஒரு அப்பத்தா குறுக்கே பேசினார். "ஐப்பசில அந்த எடத்துல முழங்கால் தண்ணி நிக்கும் டீச்சரம்மா. புளியங்கெளையும் காத்துக்கு ஒடியும். அங்கயா புள்ளைகள நிறுத்துவீக?"

ஃபைலில் அந்த இடம்தான் பல வருடமாக எழுதியிருக்கிறது. நான் வெளியூர்க்காரி, பள்ளி முடிந்ததும் பஸ் பிடிப்பவள். அந்த மரத்தடியை மழைக்காலத்தில் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவர் ஐம்பது ஐப்பசியைப் பார்த்திருக்கிறார். குடும்பங்களுக்குத் தகவல் சொல்வது என்றால் நாம் சொல்வதும் அவர்கள் கேட்பதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கேட்க வேண்டியவள் நான்தான்.

வேறு இடம் எது என்று அவர்களே பேசி, பின்தெருப் பிள்ளையார் கோயில் பொட்டலைச் சொன்னார்கள். மேடான இடம், பக்கத்தில் மரமோ சுவரோ கிடையாது. ஆனால் அங்கே போக எங்கள் பின்வாசல் வழியாகப் போக வேண்டும். எங்கள் பழைய கட்டடம் அந்தக் காலத்தில் ஒரு நகரத்தார் குடும்பம் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கட்டிக் கொடுத்தது. தங்கள் வீட்டைப் போலவே கட்டியிருக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், இடையில் எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில். முன்வாசலில் நின்றால் பின்தெரு தெரிய வேண்டும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உடைந்த பெஞ்சும் பழைய பாடநூல் கட்டும்தான். அவற்றை எடுத்துப் போட்டபோது பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. முதல் நாள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, மறுநாள் சத்துணவு அக்கா சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்தார். கதவு விலகியதும் உள்ளே வந்த வெளிச்சத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. கதண்டுக்குப் பதில் அன்றைக்குத் தீயாக இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது புதுப் பூட்டு. ஒரு சாவி நிலைக்கு அருகே கைக்கெட்டும் ஆணியில் சிவப்புக் கயிற்றில் தொங்குகிறது. இன்னொன்று பின்தெரு ஆச்சியிடம். "நான் எந்நேரமும் வீட்டுலதானே இருக்கேன், எங்கிட்டக் குடு" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒப்படைப்புச் சீட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் பிள்ளையை அனுப்புவோம். கூடப் பிறந்த சித்தப்பாவே ஆனாலும் சீட்டில் பேர் இல்லையென்றால் இல்லைதான். இதை முதலில் கூட்டத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டேன். அது தவறு. ஒரு பெண் ஒன்றும் எழுதாமல் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தனியாக வந்து, பிள்ளையின் அப்பா வந்தால் மட்டும் கொடுக்க வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத்தான் கேட்கிறோம். சீட்டுகளும் பூட்டிய டப்பாவில்தான் இருக்கின்றன.

தகவல் எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் ஆசிரியர்களுக்குள்ளேயே வாக்குவாதம். குழுவில் ஒரு மெசேஜ் போட்டால் ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் போய்விடுமே என்றார் உடன் பணிபுரியும் டீச்சர். எல்லோருக்கும் போகும், ஆனால் வாசலுக்கு வருகிறவருக்குப் போகாது என்றேன் நான். கடைசியில் தெருவுக்கு ஒரு பெண் என்று ஐந்து பேரைப் பிடித்தோம். பகலில் ஊரில் இருப்பவர்கள், நாலு வீடு நடந்துபோய்ச் சொல்லக்கூடியவர்கள். முதல் ஐந்து அழைப்பு அவர்களுக்கு. தேவைப்பட்டால் கோயில் மைக்செட். அதன்பிறகு குழுவில் என் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ். என்ன நடந்தது, பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள், நீங்கள் எங்கே வர வேண்டும், அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவேன். இவ்வளவுதான். அடிபட்ட பிள்ளையின் பேர் அந்த வீட்டுக்கு மட்டும், அதுவும் போனிலோ நேரிலோ. போட்டோ கிடையவே கிடையாது.

சின்னச் சின்ன விஷயத்தையும் அன்றன்றைக்கே சொல்லிவிடுகிறோம். சிலிண்டர் ட்யூப் மாற்றினோம், பாம்புச் சட்டை கிடந்தது, தண்ணீர்த் தொட்டி கழுவினோம் என்று. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று ஒருவர் கோபப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறைக்கிறார்கள் என்ற நினைப்புத்தான் அன்றைக்கு அத்தனை பேரை வாசலுக்கு இழுத்து வந்தது.

பயம் வேறு ஒரு இடத்தில் இருந்தது. முதல் ஒத்திகைக்கு நாள் குறித்தபோது வயதானவர்களுக்கு மனது ஒப்பவில்லை. "வாயால கெட்டதைச் சொல்லாத தாயி. சொன்னா வந்துரும்." அதை நான் மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. பேரப்பிள்ளை மேல் இருக்கிற உயிர்தான் அப்படிப் பேச வைக்கிறது. மழைக்கு முன்னால ஓடு மாத்துறோமே ஆத்தா, அதனாலயா மழை வருது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுஞ்சரிதான்" என்றார் ஒருவர். பிறகு ஒத்திகைக்கு அவர்தான் முதல் ஆளாகப் பொட்டலில் வந்து உட்கார்ந்தார். சுவரில் எழுதிய நம்பர்களில் 108 எல்லோருக்கும் தெரிந்தது. தீக்கு 101, பிள்ளைகள் உதவிக்கு 1098, பள்ளி சம்பந்தமாகக் கேட்க 14417. எழுதப் படிக்கத் தெரியாத அவர் 1098-ஐ மட்டும் பத்து, ஒம்பது, எட்டு என்று இறங்குமுகமாக எண்ணி நினைவில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் கார்த்திகை மழையில் பக்கத்து வீட்டு மதில் எங்கள் பக்கமாகச் சரிந்தது. காலையிலேயே விரிசல் பெரிதாகியிருந்ததைப் பார்த்துப் பிள்ளைகளைக் கிழக்கு அறைக்கு மாற்றியிருந்தோம். சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாக வரிசையாக வெளியே கொண்டுபோனோம். ஆச்சி தன் வீட்டு முகப்பைத் திறந்துவிட்டு, நனைந்த பிள்ளைகளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்வாசலில் ஒருவரும் இல்லை. எல்லோரும் குடையும் சாக்குமாகப் பொட்டலுக்கு வந்து, சீட்டில் கைநாட்டு வைத்துக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு ஊரணியில் தேட வைத்த சிறுமி அப்பத்தாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். முன்பு என்னைத் திட்டியவர். நான் விளக்கத் தொடங்கினேன்.

"தெரியும் டீச்சர். அம்மா அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க" என்றார். "அந்த மதிலோட மிச்சத்தை எப்ப இடிக்கப் போறாங்க? அதைச் சொல்லுங்க."