இந்தியாக்காரியும் முயல் தழையும்

நான் துறையூர்ல பொறந்து வளர்ந்தவ, கல்யாணம் பண்ணி வந்தது இலங்கையில ஹட்டனுக்கு மேல இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. எங்க தாத்தா, தோட்டத் தமிழர்கள்ல பல பேர இந்தியாவுக்கு அனுப்புன 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இதே மலையில இருந்து கப்பலேறி ராமேஸ்வரத்துல போய் எறங்குனவரு, அதனால துறையூர்ல எங்க வீடு சிலோன்காரங்க வீடு. இப்ப நான் திரும்பி வந்தா இங்க எனக்குப் பேரு இந்தியாக்காரி. அது கிடக்கட்டும், எழுத வந்தது முயல் கதை.

முயல் வந்ததே ஆமையாலதான். லண்டன்ல இருக்கிற நாத்தனார் ஒரு நாள் வீடியோ கால்ல அவங்க வீட்டு ஆமையைக் காட்டிட்டாங்க, பார்த்ததுல இருந்து எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மகன் "சின்னம்மா எனக்கும் ஆமை"ன்னு ஒரே அடம். இலங்கையில கட்டாமைய, அதான் நட்சத்திர ஆமைய, வீட்டுல வச்சு வளர்க்கச் சட்டம் விடாது, இந்தியாவுலயும் அதே கதைதான், அதோட அது வறண்ட காட்டுல வெயில் காயுற உயிரு, எங்க குளிரத் தாங்குமா. கடைசியில ஒரு ஜோடி முயலோட சமாதானம் ஆச்சு. தழை பறிக்கிற வேலை யாருக்குன்னு சொல்லணுமா, புதுசா வந்தவளுக்குத்தான்.

எனக்குத் தழைன்னா துறையூர் சந்தையில கட்டுக்கட்டா வச்சிருக்கிற கீரை, பேரச் சொன்னா எடுத்துக் குடுப்பாங்க. இங்க கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) ஓரத்துல, மரக்கறித் தோட்டத்து வரப்புல, பாறை இடுக்குல எங்க பாத்தாலும் பச்சை, பாதிக்கு எனக்குப் பேரு தெரியாது, தெரிஞ்ச பேரச் சொன்னா இங்க உள்ளவங்களுக்குப் புரியாது. உண்ணிச்செடின்னு நான் சொன்னத இங்க கந்தபானன்னு சிங்களப் பேருல சொல்றாங்க. பேரு எதுவா இருந்தா என்ன, அது முயலோட ஈரலைக் கெடுக்கும், பக்கத்துலயே கொண்டு போகக்கூடாது.

மாமி, அதான் மாமியாரு, முப்பத்தஞ்சு வருஷம் கொழுந்து பறிச்சவங்க. அவங்க பேரே கேக்க மாட்டாங்க, கைதான் பேசும். இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பாங்க. மூணு இலைச் செடிய நான் ஒரு கை அள்ளிட்டுப் போனப்ப ரெண்டா பிரிச்சு வச்சாங்க. ஒன்னுல இலை நுனி இதயம் மாதிரி பிளந்திருந்துச்சு, நாக்குல வச்சா புளிச்சுது, அது புளியாரை, அதுல ஆக்சாலிக் அமிலம் இருக்கு, ஒன்னு ரெண்டு வாயில போனா பரவால்ல, கட்டா போடக்கூடாது. இன்னொன்னு உருண்ட இலை, நடுவுல வெள்ளையா ஒரு பிறை, அது குளோவர், குடுக்கலாம், ஆனா கொஞ்சமா. இலையில நீள நீளமா வரி ஓடுற ஒரு செடி தரையோட படுத்துக் கிடக்கும், அதக் கிழிச்சா உள்ள நூலு நூலா இழுபடும், முயலுக்கு அதுன்னா உசுரு. நாத்தனார்கிட்ட படம் அனுப்பினா "அண்ணி, எங்க ஆமைக்கு நான் பார்க்குல பறிக்கிறதும் இதேதான்"னு சொல்றாங்க. பிளான்டெய்ன்னு அங்க பேராம்.

தழைய விட புல்லுதான் முக்கியம், அத நான் லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். முயலுக்குப் பல்லு சாகுற வரைக்கும் வளரும், கினிப்புல்லு மாதிரி எதையாவது நாள் முழுக்க அரைச்சுக்கிட்டே இருக்கணும், மத்த தழை எல்லாம் மேல தூவுற மல்லிதான்.

ஒரு ஜூன் மாசம், விடாத மழை, அவசரத்துல தேயிலை மலை ஓரமா ஈரத்தோட ஒரு கட்டு பறிச்சுப் போட்டேன். சாயங்காலம் பெட்டைமுயல் மூலையில குறுகிக்கிடுச்சு, தின்னல, புழுக்கையும் போடல. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, தின்னத வெளிய தள்ள வழியே இல்ல. மாமி வந்து கேட்டது ஒரே கேள்விதான், "எந்த மலையில புடுங்குன புள்ள?" சொன்னேன். "அங்க முந்தாநேத்துதான் புல்லுக்கு மருந்தடிச்சாங்க." கிளைபோசேட்டுங்கிற களைக்கொல்லிய 2015ல தடை பண்ணி, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மறுபடி விட்டாங்கன்னு எல்லாம் அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதை அடிச்சாலும் புல்லு உடனே காயாது, பல நாள் பச்சையாவே நிக்கும், கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. மருந்து செஞ்சுதா ஈரத்தழை செஞ்சுதா, சொல்ல முடியாது. ராத்திரி பூரா வயித்தத் தடவிக்கிட்டு உக்காந்தேன், விடியக்காலம் ரெண்டு புழுக்கை போட்டுச்சு, அதப் பாத்து அழுத ஒரே ஆளு இந்த உலகத்துல நானாத்தான் இருப்பேன்.

அன்னையில இருந்து எங்க வீட்டுக் கொல்லைய விட்டா கோயில் பின்பக்கம், வேற எங்கயும் பறிக்கிறதில்ல. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) அக்கா பாசமா லீக்ஸ் இலையும் உருளைக்கிழங்குச் செடியும் கொண்டு வருவாங்க, ரெண்டுமே முயலுக்கு ஆகாது. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும், வாங்கிக்குவேன், லீக்ஸ் எங்க சட்டிக்கு, செடி குப்பைக் குழிக்கு.

போன மாசம் விசா புதுப்பிக்க பத்தரமுல்லைக்குப் போனேன், ரெண்டு நாள். வீட்டுக்காரர் போன் பண்ணாரு.

"மஞ்சப் பூ பூத்திருக்கே, அதப் போடவா?"

"எந்த மஞ்சப் பூ? இங்க மஞ்சப் பூவு ஆயிரம் இருக்கு. தண்ட ஒடிச்சுப் பாருங்க."

"பால் வருது. பால் வந்தா விஷம்னு அம்மா சொல்லுமே?"

"எல்லாப் பாலும் விஷம் இல்லங்க. இலை ஓரத்தத் தொடுங்க, முள்ளு குத்துதா?"

"குத்துற மாதிரி இருக்கு, ஆனா குத்தல."

"பழைய பூ இருந்தா பாருங்க, பஞ்சா பறக்குதா?"

ஃபூன்னு ஊதுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் தும்மல்.

"பறக்குது."

"அப்ப போடுங்க. மழை ஈரம் இருந்தா ஒதறிட்டுப் போடுங்க."