அம்மோனியா 4 பிபிஎம்: சேலத்துத் தண்ணீரில் தொட்டியை மீட்ட விதம்

கோல்டுஃபிஷ் வளர்க்கும் 2 அடித் தொட்டி, உள்ளே 50 லிட்டர் தண்ணீர். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 4 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, செவுள் ஓரம் சிவந்திருந்தது. இப்படி ஆனதும் தண்ணீர் மாற்ற எல்லோரும் முதலில் தேடுவது பக்கெட்டை. அதற்கு முன் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவைப் பார்த்தாக வேண்டும்.

கிட் காட்டும் எண் இரண்டு பொருளின் கூட்டுத்தொகை. ஒன்று நஞ்சான அம்மோனியா, மற்றது அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியம். எது எவ்வளவு என்பது பிஎச்சையும் சூட்டையும் பொறுத்தது. தண்ணீர் 30 டிகிரி, பிஎச் 8 என்றால் மொத்தத்தில் ஏறக்குறைய 7.5 சதவீதம் நஞ்சு. அதே சூட்டில் பிஎச் 6.5 என்றால் 0.25 சதவீதம்தான். ஏற்காட்டில் 20 டிகிரியில் இருக்கும் தொட்டிக்கு, பிஎச் 8 ஆனாலும் 4 சதவீதத்தைத் தொடாது. சேலத்துச் சித்திரை வெயிலில் தொட்டி 30ஐத் தாண்டுவது சாதாரணம்.

எங்கள் தொட்டி தொடக்கத்திலிருந்தே போர் தண்ணீர், பிஎச் 8. கணக்குப் போட்டால் நஞ்சு 0.3 பிபிஎம். 0.05ஐத் தாண்டினாலே செவுள் புண்படத் தொடங்கும். ஊற்றப் போவதும் அதே போர் தண்ணீர் என்பதால் துணிந்து பாதிப் பாதியாக மாற்றலாம். சில மணி நேர இடைவெளி விட்டு மூன்று முறை 25 லிட்டர் மாற்றினால் 4 என்பது 2, 1, 0.5 என இறங்கும். நஞ்சு 0.04 அளவுக்கு வந்துவிடும். புதுத் தண்ணீரின் சூடு தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும்.

ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றி வளர்க்கும் தொட்டியில் இதே வேலையைச் செய்தால் மீன் செத்துவிடும். அந்தத் தண்ணீரில் காரத்தன்மை குறைவு, நாளாக ஆக பிஎச் 6.5க்கு இறங்கும். அங்கே 4 பிபிஎம் இருந்தாலும் நஞ்சு 0.01தான், மீன் நன்றாகவே நீந்தும். பாதியை எடுத்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றி பிஎச் 8க்கு ஏறினால், மொத்தம் 2 ஆகக் குறைந்தும் நஞ்சு 0.15 ஆகிவிடும். பதினைந்து மடங்கு! "தண்ணி மாத்தினதும் செத்துப்போச்சு" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அப்படிப்பட்ட தொட்டிக்குப் பழகிய தண்ணீரையே பத்துப் பத்து சதவீதமாக மாற்றுவதுதான் வழி.

மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். பக்கெட்டில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் வைக்கலாம், அவசரத்துக்கு குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து போதும். ஆனால் சாதாரண ஆன்டி குளோரின் அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. அதை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

தீவனத்தை உடனே நிறுத்தினோம். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் தாராளமாகத் தாங்கும். கல்லுக்கு அடியில் செத்த மீன், அழுகிய தீவனம் கிடக்கிறதா பார்த்து எடுக்க வேண்டும்.

பிறகு மூல காரணத்துக்கு வருவோம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிய வேண்டும். இன்னொன்று கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் மாலைதான் வரும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் அவ்வளவு நேரம் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா சாகும், கரண்ட் வந்ததும் அழுகல் நீர் தொட்டிக்குள் பாயும். பேட்டரி ஏர் பம்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கட்டாயம் வைத்திருங்கள். நோயில்லாத தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. அது இல்லாவிட்டால் பாக்டீரியா புதிதாகப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

இடைக்காலத்துக்கு ஜியோலைட் கல்லை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடலாம், அம்மோனியாவை உறிஞ்சும். அம்மோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அதுவும் மீனுக்கு நஞ்சு. அதற்கு அயோடின் சேர்க்காத கல்லுப்பு, லிட்டருக்கு 1 கிராம், அதாவது 50 லிட்டருக்கு 50 கிராம், கரைத்து ஊற்ற வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ஏறுவதைத் தடுக்கும். உப்புக்கு முன் ஜியோலைட்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பிடித்து வைத்த அம்மோனியாவை அது திரும்பக் கக்கிவிடும்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே பழைய அளவில் தீவனம். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான்.