பலா மரத்தின் வயது

“உங்களுக்கே முடியலைங்களா?”

பெரியவர் கேட்டது இவ்வளவுதான். கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கிண்டல் என்றால் நல்லது, மறந்திருப்பேன். வனத்துறைக் காக்கிச் சட்டை போட்டவன் முப்பது வருஷத்தில் கேட்காத கிண்டலா?

2017, ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. காட்டு நிலத்தில் வாழ்ந்து உழுதுவருபவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. நம் மாநிலத்தில் உயர் நீதிமன்றத் தடையால் பட்டா கொடுக்க வழியில்லாமல் கட்டுக்கட்டாக மனுக்கள் தேங்கின. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகுதான் வருவாய்த்துறையும் வனத்துறையும் சேர்ந்து நிலத்தைப் பார்க்கும் கூட்டுத் தணிக்கை சூடு பிடித்தது. சேர்வராயன் மலையில் என் பீட்டுக்குள், அதாவது என் காவல் எல்லைக்குள், வந்த மனுக்களில் அவருடையதும் ஒன்று. காப்புக்காட்டு ஓரத்தில் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. சாமையும் கேழ்வரகும் போட்டிருந்தார். நடுவில் அந்தப் பலா.

வி.ஏ.ஓ. போனில் இருந்தார். வன உரிமைக் குழுவிலிருந்து நான்கு பேர். மரத்தடியில் வட்டமாகக் கல் அடுக்கியிருந்தது. பக்கத்துப் பாறையில் குழி உரல் ஒன்று, உள்ளே மழைத் தண்ணீர். நான் வழக்கப்படி டேப்பை எடுத்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பிடித்தேன். 268 சென்டிமீட்டர். யாரோ அன்று காலையில் காய் அறுத்திருக்க வேண்டும், அடிமரத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. டேப்பில் அது அப்பிக்கொண்டது.

“இதுக்கு என்ன வயசு இருக்குமுங்க சார்?” என்றார். “எங்கப்பன் வெச்சதுங்க. எனக்குக் காகிதம் கிடையாது. இதுதான் காகிதம்.”

“அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க பெரியவரே” என்றேன். குறிப்பேட்டில் எழுதினேன்: ‘பலா 1, சுற்றளவு 268 செ.மீ., வயது கணிக்க இயலவில்லை.’ அவருடைய பேத்தி, பத்தாவது படிக்கும் பெண், என் தோளுக்குப் பின்னால் நின்று அதைச் சத்தமாக வாசித்தது. அப்படியென்றால் என்ன என்று பெரியவர் கேட்டார். “சாருக்குக் கணக்குப் போட முடியலையாம் தாத்தா” என்றது. அதற்குத்தான் அவர் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் எழுதியது பொய்யில்லை. நம்மூர் மரங்களில் பாதிக்கு மேல் ஆண்டு வளையத்தை நம்பி வயது சொல்ல முடியாது. சுற்றளவு மண்ணையும் தண்ணீரையும் பொறுத்தது. வைகை அணைப் பயிற்சிக் கல்லூரியில் இதைத்தான் படித்தோம். நீதிமன்றத்தில் கூண்டேற்றிக் கேட்டாலும் இதையே சொல்வேன்.

ஆனால் சட்டம் மரத்தின் பிறந்த தேதியையா கேட்டது? பெரியவர் மலையாளி; கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலையின் மலையாளி. அவர்கள் அங்கே பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். எழுபத்தைந்து ஆண்டு, மூன்று தலைமுறை என்ற நிபந்தனை மற்றவர்களுக்குத்தான். இவர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பு அங்கே இருந்தார் என்றால் போதும். அதாவது நான் சொல்ல வேண்டியிருந்தது, அந்த மரம் பன்னிரண்டு வயதைத் தாண்டியதா என்பதை மட்டும். இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடிகிற மரம்! ஆடு மேய்க்கிற பையன் சொல்வான்.

சரி, மரத்துக்கு வயதாகிவிட்டால் நிலத்தை உழுதவனுக்கும் அதே வயதா என்று ஒரு வாதம் இருக்கிறது. பலா காட்டிலேயே தானாக முளைக்கும். குரங்கு தின்று கொட்டையைப் போட்டால் போதும். இதை ராத்திரியில் எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். நல்ல வாதம்தான். ஆனால் அதை நான் எழுதவில்லையே. ‘மரம் பழையது, சாகுபடிக்கு இது மட்டும் சான்றாகாது’ என்று எழுதியிருந்தால் நிமிர்ந்து நின்றிருக்கலாம். தவிர, குரங்கு கல் அடுக்குமா? குழி உரலை நான் எழுதவே இல்லை. வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் பதின்மூன்றாவது விதி வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சான்றாக ஏற்கிறது. உரல் கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. அதன் மேல்தான் பையை வைத்திருந்தேன்.

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. மேலே இருப்பவர் கட்டளை என்று கை காட்டக்கூட வழியில்லை.

பயம் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு சரிவு மூன்று கோடையில் காணாமல் போனதைப் பார்த்தவன். முதல் கோடையில் நெருப்பு, இரண்டாவதில் வேலி, மூன்றாவதில் மரவள்ளிக்கிழங்கு. கீழேயிருந்து பணத்தோடு வந்தவர்கள் செய்தது அது, இந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இல்லை. ஆனாலும் காட்டோரத்தில் யாராவது ‘இது என் நிலம்’ என்றால் என் வயிறு இறுகும். 1988 வனக் கொள்கை மலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு காடாக இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சியில் மனப்பாடம் செய்தோம். அதே கொள்கை, காட்டை ஒட்டி வாழும் பழங்குடிகளின் வீட்டுத் தேவைக்குத்தான் காட்டு விளைச்சலில் முதல் உரிமை என்றும் சொல்கிறது. அந்த வரி பரீட்சைக்கு வரவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வாரமே வியாழக்கிழமை ஒரு காபி எஸ்டேட்டுக்குப் போனேன். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் வெட்ட விண்ணப்பித்திருந்தார்கள். மலையில் சொந்த நிலத்து மரமானாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். டேப்பை இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. பலாப்பால் காய்ந்து சுருளோடு ஒட்டிக்கிடந்தது. நகத்தால் பிரித்து எடுத்தேன். முதல் மரம் 142 சென்டிமீட்டர். “எங்க பெரிய முதலாளி காலத்துல வெச்சது, முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு சார்” என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர். காபி கொடுத்தார்கள். நான் எழுதினேன்: ‘வயது சுமார் 35.’

ஒரு ‘சுமார்’. அந்த ஒரு சொல்லைத் திங்கட்கிழமை போட்டிருக்கலாம். ‘சுமார் 50’ என்று எழுதியிருந்தால் யார் என்னைத் தூக்கில் போடப் போகிறார்கள்?

அங்கே மரங்கள் வரிசையாக நின்றன, ஒரே சமயத்தில் நட்டது பார்த்தாலே தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். உண்மைதான். ஆனால் முப்பத்தைந்து என்ற எண் வரிசையைப் பார்த்து வந்ததில்லை, ரைட்டர் வாயிலிருந்து வந்தது. ரைட்டர் சொன்ன முதலாளி காலம் கணக்கில் ஏறியது, பெரியவர் சொன்ன அப்பன் காலம் ஏறவில்லை. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்தபோது அங்கே என்ன மரம் நின்றது, அதற்கு என்ன வயது என்று எவன் டேப் பிடித்தான்? இது கொஞ்சம் அதிகப்படியான பேச்சு என்று எனக்கே தெரிகிறது. காபிக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அந்த நிழல் மரங்கள் இல்லையென்றால் மலையின் பச்சையில் பெரும்பங்கு இன்று இருக்காது.

மறு வருஷம் எனக்கு இடமாற்றம். பட்டா கிடைத்துவிட்டது, பரப்பு குறைந்து, பலா நிற்கும் மூலை கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று பழைய வாட்சர் ஒருவர் சொன்னார். என் குறிப்பால் அப்படி ஆனதா, சர்வேயில் ஆனதா, தெரியாது. வெளியே போனதால் மரம் தப்பித்தது என்றும் ஒரு மனம் சொல்கிறது. பட்டாவுக்குள் இருந்தால் பேரன் காலத்தில் கதவாகவும் நிலையாகவும் அறுத்து விற்றிருப்பார்கள். காட்டுக்குள் இருந்தால் ஒரு கிளையைக்கூடத் தொட முடியாது. வனவனாக யோசித்தால் இது நல்ல முடிவு. இப்படி யோசிக்கும் நாளில் நன்றாகத் தூக்கம் வரும், அதனாலேயே இந்த யோசனை மேல் எனக்குச் சந்தேகம்.

அன்றைக்குக் கிளம்பும்போது பெரியவர் ஒரு பழத்தைச் சாக்கில் கட்டி என் பைக்கில் வைத்தார். வேண்டாம் என்றேன். “பழத்துக்கும் மனுவுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்வரை பின்னால் மணத்துக்கொண்டே வந்தது. சேலத்தில் வீட்டம்மா கத்தியில் எண்ணெய் தடவி அறுத்தாள். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, “ஏங்க, இந்த இனிப்பு இளமரத்துல வராதே, ரொம்பப் பழைய மரமோ?” என்றாள்.

“அறுபது வருஷம் இருக்கும்” என்றேன்.