வெற்றிலைச் சுண்ணாம்பும் சோள ரொட்டியும்

கோழித்தீன் விற்கிற கடையில் மாதம் இரண்டு கிலோ காய்ந்த சோளன் வாங்குகிறேன். வீட்டில் ஒரு கோழி கூட இல்லை. ஏன் வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பாலை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. மச்சம் எங்கள் வீட்டில் எப்போதுமே இல்லை, நாங்கள் சைவக்காரர். ஆனால் பால், தயிர், நெய் மூன்றையும் விட்ட அன்றுதான் வீட்டில் பிரச்சினை கிளம்பியது. காரணம் பெரிய கதை இல்லை. கந்தளாயில் மாமா வீட்டு மாட்டுப்பட்டியில் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், ஒரு நாள் பார்க்க முடியாமல் போயிற்று, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை. "மச்சம் தின்னாட்டிச் சரி, பால் என்ன பிள்ளை பாவம் செய்தது?" என்பார். கோயில் சர்க்கரைப் பொங்கலில் நெய் விட்டிருக்கிறதா என்று ஐயரிடமே கேட்டவள் இந்தத் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டில் பட்டினி இல்லை. தேங்காய்ப்பால் இருக்கும்வரை சொதி உண்டு, சொதி இருக்கும்வரை இடியப்பம் உண்டு. வெளியில் போனால்தான் கஷ்டம். கொழும்பில் ஒரு கடையில் 'மெக்சிக்கன்' என்று போட்டிருந்ததை நம்பி நாச்சோஸ் கேட்டேன், சீஸ் வேண்டாம் என்றும் சொன்னேன். பரிசாரகர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு வெறும் சோளச் சீவலும் ஒரு கரண்டி தக்காளிக் கூழும் கொண்டுவந்து வைத்தார். காசு மட்டும் சீஸோடு சேர்த்து எடுத்தார்கள். மெக்சிக்கோச் சாப்பாடு என்றால் சீஸ்தான், நமக்குச் சரிவராது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். நாச்சோஸ் என்பதே 1940களில் அமெரிக்க எல்லையோரம் பியத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரில் இக்னாசியோ அனாயா என்பவர் அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்து கொடுத்த சிற்றுண்டி என்பதும், நாச்சோ என்பது இக்னாசியோவின் செல்லப்பெயர் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த முடிவை மாற்றியது உப்புவெளி. சீசன் மாதங்களில் அங்கே ஒரு சின்ன விருந்தினர் விடுதிக்குக் கணக்கு எழுதப் போவேன். போன வருடம் மெக்சிக்கோவின் ஓஹாக்காவிலிருந்து வந்த ஒரு அக்கா பத்து நாள் தங்கினார். மூன்றாம் நாளே எங்கள் சாப்பாடு அலுத்துவிட்டதோ என்னவோ, பெட்டியிலிருந்து ஒரு மாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்து தோசைக்கல்லைக் கேட்டார். தண்ணீரும் உப்பும் விட்டுப் பிசைந்து, தட்டி, எண்ணெய் இல்லாமல் சுட்டார். அந்த மணம் எனக்கு எங்கேயோ தெரிந்த மணம். மழை பெய்து ஓய்ந்த மண்ணும், வாட்டிய சோளனும், அதற்குள் ஏதோ வெற்றிலைத் தட்டு மாதிரி ஒன்றும். டோர்ட்டில்லாவா என்று கேட்டேன். தோர்த்தியா என்று திருத்தினார்.

வெற்றிலைத் தட்டு என்று மூக்கு சொன்னது சரிதான். சோளனை அவர்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் அவிக்கிறார்கள். நாம் வெற்றிலையில் பூசுகிற அதே கல்சியம் ஐதரொட்சைட்டு. அது மணியின் தடித்த தோலைக் கழற்றிவிடும், அரைத்த மாவு உதிராமல் ஒட்டிப் பிடிக்கும், அதோடு சோளனுக்குள் பூட்டிக் கிடக்கிற நயாசின் என்ற விட்டமினையும் உடம்பு எடுக்கக்கூடிய மாதிரி விடுவிக்கும். ஐரோப்பியர் சோளனைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளனையே நம்பிச் சாப்பிட்ட ஏழைச் சனங்களுக்கு பெலக்ரா என்ற நோய் வந்து தோலுரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். இதை அந்த அக்கா சொல்லவில்லை, நான் இரவிரவாக இருந்து வாசித்தது.

வாசிக்க வாசிக்க இன்னொன்று விளங்கியது. 1521இல் ஸ்பானியர் வந்து, மெக்சிக்கோவில் அப்போது ஆண்ட அஸ்தெக்குகளின் தலைநகரைப் பிடிக்கும்வரை அந்த நாட்டில் கறக்கிற மாடும் இல்லை, ஆடும் இல்லை. பாலும் சீஸும் பன்றிக் கொழுப்பும் அதன்பிறகு கப்பலில் வந்தவை. அதற்காக அவர்களை வீகன் ஆக்கிவிடாதீர்கள், வான்கோழியும் மீனும் பூச்சியும் சாப்பிட்டவர்கள்தான். ஆனால் சாப்பாட்டின் அத்திவாரம் சோளன், போஞ்சி விதை, பூசணி, கொச்சிக்காய், தக்காளி, ஆனைக்கொய்யா. பால் இல்லாமலே நிற்கிற சமையல். எங்கள் சைவச் சமையலில் பாலை எடுத்தால் பாயசத்திலும் பொங்கலிலும் ஓட்டை தெரியும். இதில் எதையும் எடுக்கவே தேவையில்லை, பிறகு வந்து ஏறியதை இறக்கி வைத்தால் போதும்.

சோளன், போஞ்சி, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் போடுவதை மில்பா என்கிறார்கள். சோளன் தண்டில் போஞ்சி படரும், பூசணி இலை நிலத்தை மூடிப் புல்லை அடக்கும். எங்கள் பக்கச் சேனையில் சோளனும் பூசணியும் கௌபியும் போடுகிறவர்களுக்கு இதில் என்ன புதினம்? கருப்புப் போஞ்சி இங்கே கிடைக்காது, கௌபியைத்தான் அவித்து மசித்தேன். அவித்த கௌபியும் கட்டைச்சம்பலும் காலைச் சாப்பாடாகச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு, அதை ஒரு சோள ரொட்டிக்குள் வைத்து மடித்தால் தாக்கோ என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சல்சாவும் அப்படித்தான். தக்காளி, வெங்காயம், உள்ளி, கொச்சிக்காய் நாலையும் வெறுங்கல்லில் கருகக் கருகச் சுட்டு, கிணற்றடியில் சும்மா கிடந்த அம்மியைக் கழுவி அதில் அரைத்து, தேசிக்காய் பிழிந்தேன். மிக்ஸியில் அடித்தால் அது தண்ணீர், அம்மியில் அரைத்தால்தான் சல்சா. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்களும் மெத்தாத்தே என்று ஒரு கல்லில்தான் சோளனை அரைத்தார்கள், படத்தில் பார்த்தால் காலுள்ள அம்மி.

கொச்சிக்காய் என்ற பெயரைக் கேட்டால் கொச்சியில் முளைத்தது மாதிரி இருக்கிறது. சொந்த ஊர் மெக்சிக்கோப் பக்கம். இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் போர்த்துக்கேயர், 1622இல் எங்கள் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டிய அதே ஆட்கள். கோயிலை மன்னிக்க முடியாது. சம்பலை நினைத்தால் முழுதாகத் திட்டவும் வாய் வரவில்லை.

அக்கா போகும்போது மீதி மாவைத் தந்துவிட்டு, மெக்சிக்கோவுக்கு வந்தால் கவனம் என்றார். மசித்த போஞ்சியில் பன்றிக் கொழுப்பு இருக்கும், சோள மாவை இலையில் சுற்றி அவிக்கிற தமாலிலும் இருக்கும், சோற்றைக் கோழிச் சாற்றில் அவித்திருப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடு. கள்ளி மடலைச் சமைப்பார்களாம், அதைப் பயமில்லாமல் சாப்பிடலாமாம். கடற்கரைப் பக்கம் நிற்கிற நாகதாளியைப் பற்றி அம்மாவிடம் மெதுவாகக் கதை கொடுத்தேன். "வேலிக்கு வைக்கிறதை எல்லாம் அவிக்க என்ரை சட்டி தரமாட்டன்" என்று முடித்துவிட்டார்.

அந்த மாவு இரண்டு கிழமையில் தீர்ந்தது. அப்போதுதான் கோழித்தீன் கடை. அவித்து விற்கிற பிஞ்சுச் சோளன் இதற்குச் சரிவராது, முற்றிக் காய்ந்த மணி வேண்டும். பூஞ்சணம் பிடித்தது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், அதில் விளையாட்டில்லை. ஒரு கிலோவுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், பத்து கிராம் அளவு சுண்ணாம்பு. முக்கால் மணித்தியாலம் மெல்லக் கொதிக்கவிட்டு இரவு முழுக்க ஊறப்போட்டால் காலையில் தோல் கையோடு வரும். நன்றாகத் தேய்த்து நாலு தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் தடவை சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிட்டேன், ரொட்டி தின்றால் வாய் வெந்தது. இரண்டாம் தடவை மாவு காய்ந்து விளிம்பெல்லாம் வெடித்தது. மூன்றாம் தடவை அம்மா பார்த்துக்கொண்டே நின்று பொறுக்காமல், "தள்ளு அங்கால" என்று வாழையிலையை எடுத்து வைத்து, வடை தட்டுகிற கையால் தட்டித் தந்தார். வட்டமென்றால் அப்படி வட்டம். கல்லில் போட்டதும் பூரி மாதிரி உப்பியது. ஒன்றை எடுத்துச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது" என்றார். இன்னும் மூன்று சாப்பிட்டார்.

கடைக்கார ஐயா முதல் மாதமே, "எத்தினை கோழி நிக்குது தங்கச்சி?" என்று கேட்டார். சுண்ணாம்புக் கதையைச் சொல்ல வெட்கப்பட்டு, பத்து என்று சொல்லிவிட்டேன். போன கிழமை தன் பேரப்பிள்ளைக்கு என்று சொல்லி, நாட்டுக்கோழி முட்டை வாரத்துக்கு ஆறு தர ஏலுமா என்று கேட்கிறார்.