தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை: ஜூன் நாட்குறிப்பு

2 ஜூன் 2025, திங்கள்

தினம் ஒரு வார்த்தை அனுப்புகிற ஆப் ஒன்றை ரூம்மேட் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். முதல் வார்த்தை: டிஃபெனஸ்ட்ரேஷன். ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவது. 1618-ல் பிராக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகளை அப்படி எறிந்ததில்தான் முப்பதாண்டுப் போர் மூண்டதாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் ஃபாக்டரிக்கும் நடுவே நிற்கிறவன். காலையில் ஜெர்மனி பையருக்கு மெயில், மதியம் ஸ்பெயினுக்கு. இதில் யாரை எந்த ஜன்னல் வழியாக எறிவது? எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கெல்லாம் கம்பி வேறு போட்டிருக்கிறது.

4 ஜூன், புதன்

மெல்லிஃப்ளுவஸ். தேன் ஒழுகுகிற குரலாம். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் குரலைக் கேட்டவர்கள் இதை எங்கே வைத்துப் பழகுவார்கள்?

7 ஜூன், சனி

ஆப்பை எடுத்துவிட்டேன். தினம் ஒன்று என்ற வழக்கத்தை விடவில்லை.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில், டாக்காவில் கல்வி அதிகாரியாக இருந்தவர். இங்கிலீஷ் கற்பவர்களுக்கு எந்தெந்த வார்த்தை முதலில் வேண்டும் என்று சலித்துச் சலித்து 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சுமார் 2000 சொற்கள். சாதாரண எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் இவற்றுக்குள் அடங்கிவிடும் என்பார்கள். ஆப் எனக்கு அனுப்பியதெல்லாம் மிச்சம் இருபதிலும் கடைசி வரிசை.

ஆகவே புது விதி. அன்றைக்கு வந்த மெயிலிலோ, ஆர்டர் ஷீட்டிலோ, பேங்க் காகிதத்திலோ என்னை நிற்க வைத்த வார்த்தைதான் அன்றைய வார்த்தை. தனியாக எழுதக் கூடாது. வந்த வாக்கியத்தோடு சேர்த்து அட்டையில் எழுத வேண்டும்.

10 ஜூன், செவ்வாய்

இன்றைய வார்த்தை க்ளீனர். லேப் டிப் (நிறம் சரிதானா என்று பார்க்கச் சாயமேற்றி அனுப்பும் சிறு துணித் துண்டு) அனுப்பியதற்கு ஜெர்மனியிலிருந்து வந்த கமென்ட்: நீலம் இன்னும் க்ளீனராக வேண்டும். துணியில் அழுக்கே இல்லையே என்று டையிங் யூனிட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

“மாஸ்டர், இதுக்கு என்னங்க அர்த்தம்?”

“அழுக்கு இல்லீங்க தம்பி. கலர் மேல சாம்பல் பூத்த மாதிரி டல்லா இருக்குது. அதை எடுக்கச் சொல்றான். வாங்க, காட்டறேன்.”

லைட் பாக்ஸில் பையர் கொடுத்த துண்டையும் நம் துண்டையும் ஒட்டி வைத்தார். பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. முதல் விளக்கில் அந்த டல்லைத் தவிர இரண்டும் ஒன்றுபோல இருந்தன. விளக்கை மாற்றியதும் நம் துண்டு லேசாகச் சிவந்து காட்டியது. “இது மெட்டமெரிசம். இதுக்கு ரெசிபியில சாயத்தையே மாத்தணும்” என்றார் மாஸ்டர். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவர். ஒரே நாளில் இரண்டு வார்த்தை கிடைத்துவிட்டது. இரண்டாவதை நாளைக் கணக்கில் வைத்தேன்.

16 ஜூன், திங்கள்

போன வாரத்து அட்டைகளைப் புரட்டினேன். பாதி, யாரோ எழுதியது போல இருந்தது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-ல் எழுதினார். முதலில் மளமளவென்று போகும், அப்புறம் மெதுவாகும். தினம் ஒன்று ஏற்றினால் வருஷத்துக்கு 365 என்று கணக்குப் போடுகிறவர்கள், இறங்குகிற கணக்கைப் போடுவதே இல்லை.

லைட்னர் என்பவர் 1972-ல் சொன்ன பெட்டி முறையை இன்று ஆரம்பித்தேன். சட்டை அட்டைப் பெட்டியில் ஐந்து தடுப்பு. நினைவிருந்தால் அட்டை அடுத்த தடுப்புக்கு, மறந்தால் மறுபடி முதல் தடுப்புக்கு. முதல் தடுப்பைத் தினமும் பார்க்க வேண்டும். பின்னால் போகப் போக இடைவெளி கூடும்.

20 ஜூன், வெள்ளி

அபவுட்.

சிரிக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பு வார்த்தைதான். அக்கவுண்ட்ஸ் அக்கா எல்சி காகிதத்தை (சொன்னபடி சரக்கு அனுப்பி ஆவணம் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் பேங்க் எழுதித் தரும் உறுதி) நீட்டி, “தம்பி, இதுல 20,000 பீஸுக்கு முன்னாடி அபவுட் இருக்குதா பாரு. இல்லீன்னா பையர்கிட்ட இப்பவே கேட்டு வாங்கு” என்றார். ஏன் என்று கேட்டேன். வகுப்பே எடுத்துவிட்டார்.

எல்சிக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே விதிப் புத்தகம், யுசிபி 600. சர்வதேச வர்த்தக சபை போட்டது, 2007 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அளவுக்கு முன்னால் அபவுட் அல்லது அப்ராக்ஸிமேட்லி இருந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். 18,000 அனுப்பினாலும் பேங்க் ஏற்கும். துணியைக் கிலோ கணக்கில் விற்றால் அந்த வார்த்தை இல்லாமலே 5 சதவீதம் சலுகை உண்டு, மொத்தத் தொகை தாண்டாத வரை. ஆனால் பீஸ் கணக்கு என்று வந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. பிரித்து அனுப்பக் கூடாது என்று எல்சியில் இருந்து, செக்கிங்கில் நாற்பது பீஸ் ரிஜக்ட் ஆகி 19,960 போனால், அதுவே டிஸ்கிரிபன்சி, அதாவது காகிதம் எல்சியோடு ஒத்துப்போகவில்லை என்ற குறை. பணம் நிற்கும்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு தேதிக்கு முன்னால் ஆன் ஆர் அபவுட் என்று போட்டிருந்தால், அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து ஐந்து நாள் பின்பு வரை. ஆனால் பிராம்ப்ட், இம்மீடியட்லி, அஸ் சூன் அஸ் பாசிபிள் எல்லாம், அந்த வார்த்தையை ஆவணத்தில் எழுதச் சொல்லி எல்சியே கேட்டிருந்தாலொழியக் கணக்கிலேயே கிடையாது, இல்லாதது போலப் படிக்க வேண்டுமாம். நான் மெயிலில் அதிகம் எழுதுகிற மூன்றும் இவைதான்!

24 ஜூன், செவ்வாய்

அன்டில், பிஃபோர். கப்பல் ஏற்றும் தேதிக்கு அன்டில் ஜூன் 30 என்றால் 30-ம் தேதியும் சேர்த்தி. பிஃபோர் ஜூன் 30 என்றால் 29-ம் தேதியோடு கதை முடிந்தது. தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளப்புகிறவனுக்கு அந்த ஒரு நாள் பெரிது. வேலை தலைக்கு மேல், இன்றைக்கு இவ்வளவுதான்.

28 ஜூன், சனி

பெட்டியில் இப்போது தடியாக இருப்பது ஜோடி அட்டைகள். ஆர்டர் என்றால் பிளேஸ். கிளெய்ம் என்றால் ரெய்ஸ். டெட்லைன் என்றால் மீட். அகராதி ஆர்டருக்கு அர்த்தம் சொல்லும். அதன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதை பையர் மெயில்தான் காட்டுகிறது.

பிரீபோன் (குறித்த தேதியை முன்னால் நகர்த்துவது) என்ற அட்டையில் மட்டும் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். சென்னை பையிங் ஆபீஸுக்கு அப்படியே எழுதலாம், அங்கே எல்லாருக்கும் புரியும். ஜெர்மனிக்கு பிரிங் ஃபார்வர்ட். நம் ஊர் இங்கிலீஷை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை, படிக்கிறவர் யார் என்று பார்த்து எழுதினால் போதும்.

அக்கா தன் மகனுக்காக எல்சி அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். பி.காம். சேருகிறானாம். மாஸ்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நூல் லாட் மாறிப்போய் துணியில் குறுக்கே கோடு விழுந்த ரோல் ஒன்று வந்திருக்கிறது. அதற்கு பாரே என்று பெயராம். கமென்ட் ஷீட்டில் பையர் எப்படி எழுதுவான் என்று அங்கேயே காட்டுவாராம்.