கூரை போட 1,60,000 ரூபாய்: எங்கெங்கே கேட்டோம், எங்கே கிடைத்தது

2023 ஆடிக்காற்றில் எங்கள் ஓட்டு வீட்டின் நடு உத்திரம் விரிந்துவிட்டது. ஆசாரி மேலே ஏறிப் பார்த்தார். "ஐப்பசி மழைய இது தாங்காதும்மா. சட்டமெல்லாம் செல்லரிச்சுக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். சட்டம், ஓடு, கூலி எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை 1,60,000 ரூபாய். எங்களிடம் இருந்தது 20,000.

பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் தையல் வேலை செய்கிறேன். மாதம் 9,000 வந்தால் நல்ல மாதம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், டீசல் போக 14,000 நிற்கும். ஒரு ஏக்கர் தென்னந்தோப்பும் இருந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, எழுபது மரத்தில் பதினெட்டுதான் நின்றது. தோப்பின் பட்டா இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறது.

போதாக்குறைக்கு அது ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடி, ஆவணி என்றால் மொய் விருந்து: விருந்து போட்டு ஊராரிடம் மொய் வாங்குவோம், அவர்கள் முறை வரும்போது நாம் திருப்பி எழுத வேண்டும். உத்திரம் விரிந்த வாரத்தில் மட்டும் வீட்டில் பதினொரு பத்திரிகை கிடந்தது. கடன் தேடிக்கொண்டே, ஊராருக்கு மொய் எழுதப் பணமும் தேட வேண்டியிருந்தது.

முதலில் போனது வட்டிக்காரர் வீட்டுக்குத்தான். எல்லோரும் முதலில் அங்கேதான் போவோம், ஏனென்றால் அவர் ஒரு காகிதமும் கேட்க மாட்டார், பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அன்றைக்கே கொடுப்பார். "வெளியில அஞ்சு வட்டி தங்கச்சி. உனக்குன்னா மூணு வட்டி போதும். அசலை எப்ப வேணா குடு" என்றார். இந்தக் கடைசி வாக்கியம் காதுக்கு இனிமையாக இருந்தது. புரோநோட்டில் கையெழுத்து, அதோடு தொகை எழுதாத செக் ரெண்டு வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், 1,40,000க்கு மாதம் 4,200. ரெண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டினால் 1,00,800 போயிருக்கும். அப்போதும் அசல் 1,40,000 அப்படியே நிற்கும். 'எப்ப வேணா குடு' என்பதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அசல் திரும்பாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம்.

அன்றிலிருந்து யாரிடம் கேட்டாலும் மூன்று கேள்விக்குப் பதில் வாங்கி அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். கையில் எவ்வளவு வரும்? மாதம் எவ்வளவு போகும்? எத்தனை மாதம்? சதவீதத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள், இந்த மூன்று எண்ணில் ஏமாற்ற முடியாது. பிறகு நான்காவதாக ஒன்றும் சேர்த்தேன்: கட்ட முடியாமல் போனால் எதைப் பிடித்துக்கொள்வார்கள்?

கடைத்தெருவில் தண்டல் கொடுப்பவரிடமும் கேட்டுப் பார்த்தேன். 10,000 என்று எழுதி 8,500 கொடுப்பார். தினம் 100 ரூபாய், நூறு நாள். '1,500 தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், வருஷக் கணக்கில் பார்த்தால் அது 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. பூக்கடைக்காரர் காலையில் வாங்கி மாலையில் கட்டலாம். கூரைக்கு ஆகாது. தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷத்து அதிக வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று வருஷம் வரை சிறை உண்டு. எங்கள் கடைத்தெருவில் அது யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் மிரட்டல் வந்தால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்க அந்தச் சட்டம் ஒரு பிடிமானம். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வங்கியில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சம்பள ரசீது கேட்டார்கள், எங்கள் இருவருக்கும் கிடையாது. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அவருக்குச் சரியில்லை. செல்போன் தவணையில் ரெண்டு மாதம் தாமதமானது அதில் ஏறியிருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை அந்த அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கொழுந்தன் போனில் ஏதோ ஆப் காட்டினான், ஏழு நாளில் திருப்பும் கடன். போனில் உள்ள எல்லா நம்பரையும் பார்க்க அனுமதி கேட்டது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது மைக்ரோ ஃபைனான்ஸ், எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி 'வார லோன்', இப்போது அது மாதத் தவணையாகவும் வருகிறது. வந்த பையன் மரியாதையாகப் பேசினான். 60,000 கடன், 24 மாதம், மாதம் 3,170. கையில் எவ்வளவு வரும் என்று கேட்டதும் கொஞ்சம் தயங்கினான். அவருக்கும் எனக்கும் இன்சூரன்ஸ், செயல்பாட்டுக் கட்டணம் எல்லாம் பிடித்துக்கொண்டு 57,900. கட்டப் போவது 76,080. ஆக எனக்கு 18,180 செலவு. வட்டிக்காரரை விட இது எவ்வளவோ மேல், ரெண்டு வருஷத்தில் அசலும் தீர்ந்துவிடும்.

அவனிடம் நான் கேட்க நினைத்ததெல்லாம் ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளில் இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷம் 3,00,000க்குள் இருந்தால் அடமானம் கேட்கக் கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. வட்டி, கட்டணம் எல்லாம் நமக்குப் புரிகிற மொழியில் ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் பணம் கேட்டுப் போன் செய்யக் கூடாது. அந்தத் தாளைக் கேட்டதும் கொடுத்துவிட்டான். குறை சொல்ல முடியாது.

ஆனாலும் வாங்கவில்லை. பத்துப் பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருவில் ஒருத்தி கட்ட முடியாமல் போனபோது மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரர் யாரும் சத்தம் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. என் நான்காவது கேள்விக்கு அதுதான் பதில்.

அப்புறம்தான் எங்கள் மகளிர் குழு ஞாபகம் வந்தது என்றால் சிரிப்பீர்கள். 2011இலிருந்து அதில் இருக்கிறேன். பதினான்கு பேர், மாதம் 200 சேமிப்பு, ஐந்தாம் தேதி கூட்டம். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கியவை. வாங்குகிற கடனுக்கு ஒரு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதுவும் நிற்கிற அசலுக்கு மட்டும். அந்த வட்டியும் குழுவுக்கே வந்து சேரும். இவ்வளவு நல்ல இடத்தை ஏன் கடைசியில் நினைத்தேன் என்றால், நான் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குப் போகவில்லை. தையல் நெருக்கடி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் ஐந்தாம் தேதிக் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்தோம். முதலில் மூன்று கூட்டத்துக்கும் தலா 20 ரூபாய் அபராதம் வைத்தேன். பிறகு 75,000 கேட்டேன். தலைவி அக்கா கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினார். கொடுக்க இருப்பது 96,000. அதே நாளில் இன்னொருத்தி மகனின் அறுவை சிகிச்சைக்காக 50,000 கேட்டிருந்தாள். மூலையிலிருந்து ஒரு குரல், "கூட்டத்துக்கே வராதவுகளுக்கு எதுக்கு அவ்வளவு?" என்றது. முகம் எரிந்தது. ஆனால் கேட்டது தப்பில்லை.

அக்காதான் முடித்து வைத்தார். "வைத்தியம் நாளைக்கே வேணும். கூரைக்கு ஐப்பசி வரைக்கும் நேரம் இருக்கு. அவளுக்கு அம்பது, ஒனக்கு நாப்பது. ஆறாயிரம் பெட்டியில கெடக்கட்டும்." தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். 40,000, இருபது மாதம், அசல் மாதம் 2,000, வட்டி முதல் மாதம் 400, பிறகு மாதம் இருபது இருபதாகக் குறையும். இருபது மாதத்துக்கும் சேர்த்து வட்டி 4,200 மட்டும். வட்டிக்காரரின் ஒரு மாதக் கணக்கு அது.

மீதிக்குக் கூட்டுறவுச் சங்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் அதற்குப் பட்டாவும், நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும், கூரைக்கும் அது பொருந்தாது. நகைக்கடன்தான் வழி. ஆரமும் வளையலும் கொண்டு போனேன். நான் மூன்றரைப் பவுன் என்று நினைத்திருந்தது, கல்லும் அரக்கும் கழித்து 24 கிராம் என்று நின்றது. 90,000 கிடைத்தது. வட்டி ஒரு வட்டிக்கும் கீழே, வருஷக் கெடு. தாலிக்கொடியைக் கழற்றாமல் முடிந்ததே என்று இருந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "எலெக்‌ஷன் வரும், தள்ளுபடி பண்ணிருவாங்க, மீட்காதீங்க" என்று யோசனை சொன்னார். 2021இல் ஐந்து பவுன் வரை தள்ளுபடி ஆனது உண்மைதான். அதை நம்பி வைத்த நகை ஏலத்துக்குப் போனால் யார் பதில் சொல்வது?

மீதி 10,000 என் அக்கா கொடுத்த கைமாற்று. புரட்டாசி கடைசியில் ஓடு ஏறியது, ஐப்பசி மழை வெளியே பெய்தது.

இனி நகையை மீட்ட கதை. அதில்தான் மொய் வருகிறது. எங்கள் முறை 2024 ஆடி. ஐந்து வருஷமாக மாமா ஊர் ஊராகப் போய் எழுதிய மொய் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் 1,35,000 வர வேண்டும். ஒன்பது குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல் போட்டோம். கிடாக்கறிச் சாப்பாடு, பந்தல், பத்திரிகை எல்லாம் எங்கள் பங்குக்கு 31,000 ஆனது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி மேசை, மொய் எழுத ஒருவர், பணம் போட ஒரு அண்டா. மாமா அண்டாவைப் பார்க்கவே இல்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று.

மாலையில் எண்ணியபோது 1,52,000. அதில் 1,11,000 நாங்கள் எழுதியது திரும்பி வந்தது. 41,000 புதிதாக எழுதியவர்கள், கூட வைத்து எழுதியவர்கள். வர வேண்டிய 24,000 வரவில்லை. பாதிப் பேர் கஜாவில் தோப்பை இழந்தவர்கள். "விடும்மா, அவுகளுக்கு இன்னும் மரம் காய்க்கல" என்றார் மாமா. நோட்டில் அந்தப் பெயர்களை அடிக்கவும் இல்லை.

மொய்யில் வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. அதனால் அதை எளிய கடன் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். திருப்பும் தேதி நம் கையில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. நம் வீட்டு உத்திரம் விரிந்த வாரத்தில் பதினொரு பத்திரிகை வந்தாலும் பதினொன்றுக்கும் போயாக வேண்டும். செலவு போக நின்ற 1,21,000இல் நகையை மீட்டேன், அக்காவின் பத்தாயிரத்தைக் கொடுத்தேன். மிச்சம் பன்னிரண்டாயிரம் சொச்சம். அதைக் குழுக் கடனில் கட்டலாமா என்று கேட்டபோது மாமா வேண்டாம் என்றார். "அடுத்த ஆடிக்கு வேணும்."

குழுக் கடன் 2025இல் முடிந்தது. நடுவில் ஒரு மாதம் நான்கு நாள் தாமதமாகக் கட்டினேன். அதே மூலைக் குரல் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. இப்போது கணக்கு நோட்டு எழுதுவது நான்.

மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதால் மொய் நோட்டும் என்னிடம் வந்துவிட்டது. இந்த ஆடிக்கு இதுவரை ஒன்பது பத்திரிகை வந்திருக்கிறது. ரெண்டு பேர் பெயர் நோட்டில் இல்லை. யார் என்று மாமாவிடம் கேட்க வேண்டும்.