பென்சில் நிற்கும் இடங்கள்

இன்று ஒரு குழந்தை 'ண' எழுதுவதைப் பார்த்தேன். சுழிக்குச் சுழி பென்சில் நின்றது. தலை நிமிர்ந்து பலகையைப் பார்த்தது, மறுபடி குனிந்தது.

அந்த நிறுத்தங்களில்தான் விஷயமே இருக்கிறது.

கண் பார்த்துக் கையைத் திருத்த 100 முதல் 200 மில்லி விநாடி வரை பிடிக்கும். பழகிய கை ஒரு கோட்டை ஏறக்குறைய 100 மில்லி விநாடியில் முடித்துவிடும். கண் திருத்த வருவதற்குள் கோடு முடிந்துபோகிறது. ஆகவே அதன் முழு அசைவும் மூளையில் முன்பே தயாராகியிருக்க வேண்டும்.

குழந்தையின் கோட்டில் வேகம் பலமுறை ஏறி இறங்கும். பழகியவர் கோட்டில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். பென்சில் முனையையே உற்றுப் பார்த்து எழுதச் சொன்னால் பழகியவர் கையும் தடுமாறும்!

அதனால் "பார்த்து, மெதுவா எழுது" என்பது முதல் சில நாட்களுக்கு மட்டுமே நல்ல அறிவுரை.

பக்கம் முழுக்கப் பார்த்தெழுதுவதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. மூன்றாம் வரியிலிருந்து குழந்தை தன் பிழையையே நகலெடுக்கும்.

எழுத்தை அம்புக்குறியோடு காட்டுங்கள். மூடுங்கள். நினைவிலிருந்து எழுதட்டும். பிறகு திறந்து ஒப்பிடட்டும். தினமும் பத்து நிமிடம் போதும்.

அழகை அப்புறம் பார்க்கலாம். கோடு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை முதலில் பாருங்கள். தப்பான வரிசையும் அதே உறுதியோடு கையில் படிந்துவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.